கட்டளையா, கலந்தாலோசனையா, ஒப்படைப்பா? மதுரை வேலையிடங்களை வைத்து ஓர் ஒப்பீடு

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை மூட்டை இறங்கும் நேரத்தில் யாரும் கூடி உட்கார்ந்து கருத்துக் கேட்க முடியாது. விடியலில் மொட்டாகப் பறித்த பூ மாலைக்குள் விரிந்துவிடும். எது உள்ளூருக்கு, எது வெளியூர் வண்டிக்கு என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல ஆட்கள் பிரித்து வைக்கிறார்கள். அங்கே கட்டளைதான் சரி. ஆனால் அவசரம் இல்லாத இடத்திலும் அதே குரலில் காலை முதல் இரவு வரை வேலை வாங்குகிற முதலாளிகள் நம் ஊரில் நிறையப் பேர். எனக்கு ஆற்றாமை அதில்தான். வேலையையும் ஆளையும் பார்த்து வேலை வாங்கும் நடையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள், தங்கள் சுபாவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

உளவியலாளர் கர்ட் லெவினும் உடன் இருவரும் அமெரிக்காவில் சிறுவர் குழுக்களை வைத்துச் செய்து 1939-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதட்டி வேலை வாங்குபவர், கலந்து பேசுபவர், எதிலும் தலையிடாதவர் என மூன்று வகைத் தலைவர்களை மாற்றி மாற்றி அமர்த்திப் பார்த்தார்கள். அதட்டியவரின் கீழ் வேலை குறைவில்லாமல் நடந்தது. அவர் அறையை விட்டு வெளியேறியதும் படுத்துவிட்டது. கலந்து பேசியவர் வெளியே போனபோதும் வேலை ஓடியது. தலையிடாதவரின் குழுவில் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. ஒரு முதலாளி தன் தலைமையை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: உறவினர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிற அந்த அரை நாளில் பட்டறையில் என்ன நடந்தது என்று பார்த்தால் போதும்.

கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் இரும்பைச் சுழற்றிக் கடையும் ஒரு லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் முதல் வாரத்தில், இரும்பைப் பிடித்துச் சுழலும் சக்கில் அதை முடுக்கும் சாவியைச் செருகியபடியே விட்டுவிட்டு மெஷினை ஓட்டப்போகிறான். ஓட்டினால் அந்தச் சாவி பறந்துவந்து யார் முகத்திலாவது அடிக்கும். "நிறுத்து, சாவியை எடு" என்பதைத் தவிர அங்கே பேச்சில்லை. பாதுகாப்பும் கத்துக்குட்டியும் சேர்ந்த இடத்தில் கட்டளையைத் தவிர வேறு எதையும் நான் ஏற்கமாட்டேன். "செய்து பார், தெரியாவிட்டால் கேள்" என்று அவனை விட்டுப் போவது பெருந்தன்மை போலத் தோன்றும். உண்மையில் அது பொறுப்பைக் கைகழுவுவது.

அதே பட்டறையில் பதினைந்து ஆண்டாகக் கடைசல் வேலை பார்க்கிறவரின் தோளுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு வெட்டுக்கும் "இவ்வளவு எடு, அவ்வளவு எடு" என்று சொல்வது அவமதிப்பு. "அண்ணே, இந்த வாரம் எந்த ஆர்டரை முதலில் எடுக்கலாம்?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். எந்த இரும்பு தாமதமாக வரும், எந்த மெஷின் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கலந்தாலோசனை என்பது அவருக்குச் செய்கிற மரியாதை மட்டுமல்ல, முதலாளிக்கு இலவசமாகக் கிடைக்கும் தகவல்.

ஒப்படைப்புக்கும் கைவிடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சுங்குடி தொழில் நன்றாகக் காட்டும். மதுரை சௌராஷ்டிரர்களின் கைவண்ணமாகப் பெயர்பெற்று 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்த சேலை இது. துணியில் சிறு சிறு இடங்களைக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கி முடிச்சுப் போடுகிறார்கள். சாயம் புகாத அந்த இடங்கள்தான் பிறகு புள்ளிகளாகத் தெரிகின்றன. நெருக்கமான வேலைப்பாடுள்ள சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். பெரும்பாலும் பெண்கள் வீட்டில் இருந்தபடியே செய்யும் வேலை. யாரும் கண்காணிக்க முடியாது, கண்காணிக்கத் தேவையும் இல்லை. மாதிரியையும் தேதியையும் கொடுத்து, துணி திரும்பி வந்ததும் முடிச்சின் இறுக்கத்தைப் பார்த்து, உரிய கூலியைத் தாமதமில்லாமல் கொடுத்தால் அது ஒப்படைப்பு. துணியைக் கொடுத்துவிட்டு ஆளையே மறந்து, தேதி தவறியதும் சத்தம் போட்டால் அது லெவின் ஆய்வின் மூன்றாவது தலைவர்தான். இன்னொன்று: அதே சேலை சாயத்தொட்டிக்குப் போகும்போது நடை மாறவேண்டும். சூட்டையும் நேரத்தையும் கையுறையையும் புதிய ஆளின் விருப்பத்துக்கு விடமுடியாது.

லட்சியத்தைச் சொல்லி ஆட்களை ஈர்க்கும் தலைமையை இப்போது எல்லோரும் புகழ்கிறார்கள். அதற்கு இந்த ஊரிலேயே பெரிய சான்று இருக்கிறது. அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்தும் கண்களை அறுவை செய்தவர். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்ற அவர் பேச்சு எடுபட்டதற்கு அந்த வாழ்க்கையே காரணம். ஆனால் பேச்சோடு நிற்கவில்லை. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்வது வரை ஒவ்வொரு அசைவும் வரையறுக்கப்பட்டது. கிராமத்துப் பெண்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றார்கள். லட்சியமும் கறாரான நடைமுறையும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. முன்னதை மட்டும் நகலெடுக்கிற நிறுவனங்களில் சுவரில் வாசகம்தான் மிஞ்சும்.

1969-இல் அமெரிக்க மேலாண்மை அறிஞர்கள் பால் ஹெர்சியும் கென் பிளான்சர்டும் முன்வைத்த கருத்து இதையெல்லாம் ஒரு கயிற்றில் கோக்கிறது: தலைவர் நடை ஒன்றாக இருக்கக்கூடாது, செய்பவரின் பக்குவத்துக்கேற்ப நகரவேண்டும். இதில் பலரும் கோட்டைவிடுவது ஓர் இடத்தில். பக்குவம் என்பது ஆளுக்கு உரியது அல்ல, ஆள் செய்யும் அந்தந்த வேலைக்கு உரியது. கைமெஷினில் கரைகண்ட அந்த அண்ணனை, கணினி இயக்கும் சி.என்.சி. மெஷின் முன் நிறுத்தினால் அன்று அவர் புதியவர். "அவருக்குத் தெரியாததா" என்று விட்டுவிட்டால் கூச்சத்தில் கேட்கமாட்டார். பையனை அதட்டுவது போல அதட்டினால் அடுத்த மாதம் வேறு பட்டறைக்குப் போய்விடுவார். மற்றவர்கள் இல்லாத நேரத்தில், வயதில் இளைய இன்ஜினியர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டி, பிறகு அவரைச் செய்யவிட்டு, தவறும் இடத்தில் மட்டும் வாய் திறக்கவேண்டும். மதியம் பழைய லேத்துக்கு அவர் திரும்பியதும் அதே இன்ஜினியர் அவரிடம் யோசனை கேட்கவேண்டும்.