சோலரைஸ்டா, டிராகுலாவா, க்ரூவ்பாக்ஸா: மேற்கு வெயிலில் மூன்று தீம்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்தில், பழைய லயத்து வீடுகளை ஒட்டிய மண்டபத்தில், இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு வார இறுதிகளில் பைத்தான் நிரல்மொழி சொல்லித் தருகிறேன். மண்டபத்திற்குத் தகரக் கூரை. சன்னல்கள் மேற்கு பார்த்தவை. பிற்பகல் மூன்று மணிக்குச் செம்பனை மட்டைகளுக்கு இடையே புகுந்து வரும் வெயில் திரைகளின் மேல் விழும். ஐந்து மணிக்கு மழை கட்டிக்கொண்டால் அதே அறை விளக்குப் போடும் அளவுக்கு இருண்டுவிடும். பிள்ளைகளிடம் இருப்பவை பெரும்பாலும் இரண்டாங்கை மடிக்கணினிகள்: 1366×768 புள்ளிகள் கொண்ட டி.என். வகைத் திரை, பார்க்கும் கோணம் சற்று மாறினாலே நிறம் மாறித் தெரியும். நிரல் எழுதும் மென்பொருளான எடிட்டருக்கு எந்தத் தீம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்குமான எந்த நிறத் தொகுப்பு, ஏற்றது என்ற கேள்வியை இந்த அறையில், இந்தத் திரைகளை வைத்துத்தான் அலசுகிறேன். இணையத்தில் பார்க்கும் பளபளப்பான படங்கள் இங்கே அதிகம் உதவுவதில்லை.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை மூன்று. ஈதன் ஷூனோவர் 2011-இல் வெளியிட்ட சோலரைஸ்டு, ஸீனோ ரோச்சா 2013-இல் தொடங்கிய டிராகுலா, பாவெல் பெர்ட்செவ் விம் எடிட்டருக்காக உருவாக்கிய க்ரூவ்பாக்ஸ். மோனோகாய் என்ற இன்னொரு தீமை விட்டுவிட்டேன், அது குணத்தில் டிராகுலாவுக்கு நெருக்கமானது, டிராகுலாவுக்குச் சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். நாங்கள் பயன்படுத்தும் எடிட்டரான விஷுவல் ஸ்டூடியோ கோடில் சோலரைஸ்டு உள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டையும் நீட்சிகளாக இறக்கிக்கொள்ள வேண்டும். இணைய இணைப்பு நொண்டும் தோட்டத்தில் இதுவும் கொஞ்சம் கணக்கில் வரும், ஆனால் முடிவை மாற்றும் அளவுக்கு இல்லை.

வடிவமைப்பின் நேர்த்தியை மட்டும் பார்த்தால் சோலரைஸ்டுக்கு நிகர் குறைவு. மொத்தம் 16 நிறங்கள், அவற்றில் எட்டு சாம்பல் சாயல்கள், நிரலின் பகுதிகளைப் பிரித்துக் காட்டும் எட்டு அழுத்த நிறங்கள். வெளிச்சத் தீமுக்கும் இருட்டுத் தீமுக்கும் அதே எட்டு அழுத்த நிறங்களே பயன்படும்படி, ஒளிர்வு அளவுகள் கணக்கிட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் கண் கூசாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாட்டை அது வேண்டுமென்றே குறைத்துக்கொண்டது. விலை அங்கேதான் கொடுக்கப்படுகிறது. இணைய அணுகல்தன்மைக்கான சர்வதேச நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 மடங்கு மாறுபாடு (எழுத்து, பின்னணி இரண்டின் ஒளிர்வுக்கும் இடையிலான விகிதம்) கேட்கிறது. சோலரைஸ்டு இருட்டின் உடல் எழுத்து, அதாவது நிரலின் சாதாரண எழுத்து, 4.75; தேறிவிடுகிறது. வெளிச்சத் தீமில் அது 4.13 மட்டுமே. நிரலுக்கு நடுவே மனிதர் படிக்க எழுதும் விளக்கக் குறிப்புகளான கமெண்டுகளின் நிலை இன்னும் மோசம்: இருட்டில் 2.8, வெளிச்சத்தில் 2.5.

டிராகுலாவின் உடல் எழுத்து 13.4 மடங்கு என்று கம்பீரமாக நிற்கிறது. இளஞ்சிவப்பும் ஊதாவும் பச்சையும் திருவிழா விளக்குப்போல ஒளிர்வதால் பதினைந்து வயதுப் பிள்ளைகள் முதலில் கை வைப்பது இதன்மேல்தான். ஆயினும் அந்தக் கம்பீரம் கமெண்டுவரை இறங்கவில்லை. நீலச் சாம்பலில் வரும் கமெண்டு 3.03-இல் நின்றுவிடுகிறது. க்ரூவ்பாக்ஸ் இருட்டு, #282828 என்ற நிறக் குறியீடு கொண்ட பின்னணியின் மேல் பழுப்பேறிய வெண்மையில் 10.7 மடங்கு உடல் எழுத்தையும், #928374 என்ற சாம்பலில் 4.0 மடங்கு கமெண்டையும் தருகிறது. அதன் வெளிச்சத் தீம் உடல் எழுத்துக்கு 10.2, கமெண்டுக்கு 3.2.

கமெண்டையே ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், என் வகுப்பில் கமெண்டுகள் தமிழில் எழுதப்படுகின்றன. முதல் ஆண்டு மாணவனுக்கு நிரலைவிடக் கமெண்டே முக்கியம். நான் அங்கேதான் விளக்கம் எழுதிவைக்கிறேன். ஆங்கில எழுத்தை அரை மங்கலிலும் ஊகித்துப் படித்துவிடலாம். 'ணை', 'ஞ்சு', 'ஜூ' போன்றவற்றின் சுழிகள், புள்ளிகள் குறைந்த திரையில் மங்கினால் கறையாகிவிடுகின்றன. போதாக்குறைக்கு, சோலரைஸ்டு உட்படப் பல தீம்கள் கமெண்டைச் சாய்வெழுத்தாக்குகின்றன. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சாய்வு வடிவம் கிடையாது; நேராக நிற்கும் எழுத்தை மென்பொருளே பிடித்துச் சரித்துவிடுகிறது. காற்றில் சாய்ந்த வேலி மாதிரி இருக்கிறது என்று ஒரு மாணவி சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

இனி வெயிலுக்கு வருவோம். மாறுபாட்டைக் கணக்கிடும் சூத்திரம், இரு நிறங்களின் ஒளிர்வுகளோடும் 0.05 கூட்டிய பிறகே வகுக்கிறது. திரையில் பட்டுத் திரும்பும் சுற்றுப்புற ஒளிக்கான பங்கு அது. சன்னலோரம் அமர்ந்தவனுக்கு அந்தப் பங்கு 0.05-க்குப் பதில் 0.2 என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். சோலரைஸ்டு இருட்டின் உடல் எழுத்து 4.75-இலிருந்து 2.2-க்கு விழுகிறது, காகிதத்தில் அதைவிடப் பின்தங்கியிருந்த வெளிச்சத் தீமோ 2.9-இல் நிற்கிறது. வரிசையே தலைகீழாகிவிட்டது! கரும்பின்னணியின் மேல் விழும் ஒளி அதன் கருமையை அழித்துவிடுகிறது, ஏற்கெனவே வெளுத்திருக்கும் பின்னணிக்கு அந்த ஒளியால் பெரிய கேடு இல்லை. க்ரூவ்பாக்ஸிலும் அதே கதை: இருட்டின் உடல் எழுத்து 4.1, வெளிச்சத்தினுடையது 4.5, கமெண்டு இருட்டில் 2.0, வெளிச்சத்தில் 2.5. டிராகுலாவின் உடல் எழுத்து 5.1 என்று முதலிடத்தில் தாக்குப்பிடிக்கிறது, கமெண்டு மட்டும் 1.7-க்குச் சரிந்து கண்ணுக்கே தெரியாமல் போகிறது. இருட்டுத் தீம் மின்கலத்தை மிச்சப்படுத்தும் என்ற வாதமும் இந்தத் திரைகளுக்குப் பொருந்தாது; எல்.சி.டி.யில் கறுப்பைக் காட்டும்போதும் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

ஆக, எந்தத் தீமும் அப்படியே போதவில்லை. எது எளிதில் திருத்த இடங்கொடுக்கிறது என்பதே மிச்சக் கேள்வி. விஷுவல் ஸ்டூடியோ கோடின் அமைப்புக் கோப்பில் 'எடிட்டர் டோக்கன் கலர் கஸ்டமைசேஷன்ஸ்' என்ற பகுதியைத் திறந்து, தீமின் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, அதனடியில் கமெண்டுக்கு வேறு நிறமும் வெறுமையான எழுத்துப் பாணியும் கொடுத்தால், அந்தத் தீமுக்கு மட்டும் நிறம் மாறிச் சாய்வும் நீங்கிவிடும். க்ரூவ்பாக்ஸில் இதற்காக வெளியே போய் நிறம் தேட வேண்டியதில்லை. அதன் சொந்தச் சாம்பல் வரிசையிலேயே சற்று வெளிறியதை எடுத்து இருட்டுத் தீமுக்கு வைத்தால் 5.3, சற்று அடர்ந்ததை எடுத்து வெளிச்சத் தீமுக்கு வைத்தால் 5.7 கிடைக்கிறது, இரண்டிலும் கமெண்டு உடல் எழுத்தைவிட ஒரு படி அடங்கியே இருக்கிறது. சோலரைஸ்டு இருட்டில் அப்படிச் செய்ய முயன்றால், 4.5-ஐத் தாண்டும் அடுத்த சாம்பல் #839496, அதாவது உடல் எழுத்தின் நிறமேதான். கமெண்டும் நிரலும் ஒன்றாகிவிடும். ஒன்றைத் தூக்க எல்லாவற்றையும் தூக்க வேண்டியிருக்கும். இறுக்கமாகக் கணக்கிட்டுக் கட்டிய வீட்டில் ஒரு செங்கல்லை உருவ முடியாது என்பதால் அதைக் குறையென்று சொல்லத் தயங்குகிறேன், ஆனால் என் மண்டபத்திற்கு அது உதவவில்லை.

இந்த விஷயத்தில் அளவுகோலாகக் கொள்ளத்தக்கவை, ஈமேக்ஸ் என்ற பழைய எடிட்டரின் 28-ஆம் பதிப்பிலிருந்து அதனுடனேயே வரும் மோடஸ் தீம்கள். அவை 7 மடங்கைக் கீழ்வரம்பாக வைத்துக்கொண்டவை. சிவப்பு, பச்சையைப் பிரித்தறியச் சிரமப்படுவோருக்குத் தனி வடிவமும் அவற்றில் உண்டு. படிவம் நான்கில் படிக்கும் பிள்ளைகளை ஈமேக்ஸுக்குள் இறக்கும் துணிச்சல் எனக்கு இல்லை என்பதால் அவற்றைப் போட்டியில் சேர்க்கவில்லை.

இப்போது மண்டபத்து மடிக்கணினிகளில் திருத்திய க்ரூவ்பாக்ஸ் இரண்டு வடிவிலும் இருக்கிறது. மூன்று மணிக்கு வெளிச்சம்; மழை இறங்கியதும் கண்ட்ரோல் கே, அடுத்து கண்ட்ரோல் டி அழுத்தித் தீம் பட்டியலைத் திறந்து இருட்டு. ஒருவன் மட்டும், "சார், வீட்டுல ராத்திரிதான் எழுதுறேன், எனக்கு டிராகுலாவே இருக்கட்டும்" என்று பிடிவாதமாக நின்றான். இரவில், வெயில் படாத அறையில் 13 மடங்கை நான் எதைச் சொல்லி மறுப்பது? கமெண்டு வரியை மட்டும் வெளுக்கச் செய்து கொடுத்தனுப்பினேன்.