268 யூரோ போயிற்று: வியன்னா – பிராட்டிஸ்லாவா ரயில் டிக்கெட் வாங்குகிறவர்கள் படியுங்கள்

268 யூரோ. ரூபாயில் கால் லட்சத்துக்கு மேல். ஒரு மணி நேர உள்ளூர் ரயில் பயணத்துக்காக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நால்வரிடமிருந்து ஓர் இணைய டிக்கெட் விற்பனைத் தளம் பிடுங்கிய தொகை இது. அதற்குக் கொடுத்தது டிக்கெட்கூட இல்லை. கோபம் சூடாக இருக்கும்போதே எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தளத்தின் பெயரைப் போடவில்லை. வங்கியில் புகார் நிலுவையில் இருக்கிறது. பெயரைத் தெரிந்துகொள்வதால் பெரிய லாபமும் இல்லை, இதே முகப்பை வேறு பெயரில் நாளைக்கே போட முடியும். எப்படிப்பட்ட தளம் என்று மட்டும் சொல்கிறேன். ரயில் நிறுவனமும் இல்லை, ஊரறிந்த முன்பதிவுச் செயலியும் இல்லை. இரண்டு நகரங்களின் பெயரைத் தேடினால் எல்லாவற்றுக்கும் மேலே விளம்பரமாக வந்து நிற்கும் இடைத்தரகர் பக்கம்.

முதலில் இந்த வழித்தடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால்தான் அவர்கள் விற்றதில் எவ்வளவு பொய் என்பது புரியும்.

ஆஸ்திரியாவின் வியன்னாவுக்கும் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவுக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர்தான். வியன்னா ஹௌப்ட்பான்ஹோஃப், அதாவது மத்திய ரயில் நிலையத்திலிருந்து இரண்டு பாதைகள். ஒன்று மார்ஹெக் வழியாக டான்யூப் ஆற்றின் வடகரையில் இருக்கும் ஹ்லவ்னா ஸ்தனிட்ஸாவுக்குப் போகும், அதுதான் பிராட்டிஸ்லாவாவின் பெரிய நிலையம். மற்றொன்று பார்ன்டார்ஃப், கிட்ஸே வழியாகத் தென்கரையில் இருக்கும் பெட்ர்ஷல்கா நிலையத்துக்கு. எந்தப் பாதையில் போனாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இவற்றில் ஓடுபவை பெரும்பாலும் ரெக்ஸ் என்று குறிக்கப்படும் வட்டார ரயில்கள். ரெக்ஸ் ரயிலில் இருக்கை எண் கிடையாது. முன்பதிவு கிடையாது. காலி இடம் பார்த்து உட்கார வேண்டியதுதான். முந்தினால் மலிவு, பிந்தினால் விலையேற்றம் என்ற விமான டிக்கெட் கணக்கும் இந்தச் சாதாரண டிக்கெட்டுக்கு இல்லை. புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பு நிலையத்தில் உள்ள சிவப்பு இயந்திரத்தில் வாங்கினாலும் போதும். இரு திசைக்கும் சேர்த்து ஓர் ஆளுக்கு முப்பது யூரோகூட ஆகாது.

எல்லையில் கட்டணம் எதுவும் இல்லை. ஸ்லோவாக்கியா 2007 டிசம்பர் 21-லிருந்து ஷெங்கன் பகுதிக்குள், அதாவது வழக்கமான எல்லைச் சோதனை இல்லாமல் போகவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் வட்டத்துக்குள், இருக்கிறது. ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா வைத்திருந்தாலும் பிராட்டிஸ்லாவா போய் வியன்னாவுக்குத் திரும்பலாம், அந்த ஒரு நுழைவு அதனால் செலவாகாது. போலீஸ் சோதனை சில காலங்களில் இருக்கும் என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் கட்ட வேண்டாம். பணம் மாற்றவும் வேண்டாம், அங்கே 2009-லிருந்து யூரோதான்.

இனி அந்தத் தளம் போட்ட ரசீதைப் பாருங்கள். நான்கு பேருக்கு, போகவர:

'விரைவு ரயில்' டிக்கெட், ஆளுக்கு 44 யூரோ வீதம் 176. இருக்கை முன்பதிவு, ஆளுக்கு 9 வீதம் 36. 'எல்லைக் கடப்புச் செயலாக்கம்', ஆளுக்கு 8 வீதம் 32. சேவைக் கட்டணம் 24. மொத்தம் 268.

இல்லாத முன்பதிவுக்கு 36. இல்லாத எல்லைக் கட்டணத்துக்கு 32. இந்த இரண்டு வரிகளும் முன்கூட்டியே டிக் போட்ட பெட்டிகளாக, மடித்து மறைத்த ஒரு பகுதிக்குள் இருந்தன. பணம் கட்டிய பிறகு வந்த ரசீதில்தான் அவை கண்ணில் பட்டன.

இந்த டிக்கெட்டுகளை என் சித்தப்பா சென்னையில் இருந்தபோதே பதிவு செய்தார். "கொஞ்சம் விசாரித்திருக்கக் கூடாதா?" என்று அவரைக் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அவர் விசாரித்தார். நம்ப வைத்த இடமே அதுதான். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தின் உரையாடல் பெட்டியில் மூன்று கேள்விகள் கேட்டார். வயதானவர்கள், ஒன்றாக உட்கார முடியுமா? எந்த நிலையத்தில் ஏற வேண்டும்? தேதி மாறினால் பணம் திரும்பக் கிடைக்குமா? ஒரு நிமிடத்துக்குள் பதில். "கவலைப்படாதீர்கள் சார், நான்காம் பெட்டி, 61 முதல் 64 வரை, நான்கும் ஒரே இடத்தில் ஒதுக்கிவிட்டேன். ஜன்னலோரம் அம்மாவுக்கு." நிலையத்தின் பெயரைச் சரியாகச் சொன்னார்கள். புறப்படும் நேரத்தையும் சரியாகச் சொன்னார்கள். அது உண்மையான கால அட்டவணையிலிருந்து அப்படியே எடுத்தது, ஆஸ்திரிய ரயில்வேயின் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்த்தபோதும் பொருந்தியது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம், மேலே சிவப்புப் பட்டை, கீழே 'அதிகாரபூர்வக் கூட்டாளி' என்று ஒரு முத்திரை. இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன விசாரிப்பார்? அம்மாவுக்கு ஜன்னலோரம் என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் அட்டை எண்ணைத் தட்டினார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பூட்டுப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள். தளத்தை நடத்துகிறவர் யோக்கியரா என்பதற்கு அது சாட்சி இல்லை. ஓடிபியும் கேட்கவில்லை. இந்திய அட்டையை வெளிநாட்டுத் தளத்தில் பயன்படுத்தும்போது பல இடங்களில் ஓடிபி இல்லாமலே பணம் போய்விடும், இது பலருக்குத் தெரிவதில்லை.

பிறகு பிடிஎஃப் ஒன்று வந்தது. ரயில் படம், நான்கு பெயர்கள், பெட்டி எண், இருக்கை எண், ஒரு க்யூஆர் குறி. அடியில் சிறிய எழுத்தில் 'பதிவுக் கோரிக்கை உறுதி' என்றிருந்தது. டிக்கெட் என்று எங்குமே இல்லை. இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ரயில் நிறுவனங்கள் இணையத்தில் தரும் டிக்கெட்டுகளில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்டெக் குறி. சதுரத்துக்குள் சதுரமாக ஒரு கண் நட்ட நடுவில் இருக்கும். க்யூஆர் குறியில் மூன்று மூலைகளில் மூன்று கட்டங்கள் இருக்கும், நடுவில் கண் இருக்காது. பரிசோதகரின் கருவி அந்த ஆஸ்டெக் குறிக்குள் இருக்கும் பயணத் தகவலையும் மின்கையொப்பத்தையும் படித்துத்தான் செல்லுமா செல்லாதா என்று சொல்லும். இவர்கள் அனுப்பிய க்யூஆர் குறியைக் கைபேசியில் காட்டினால் அவர்களுடைய முகப்புப் பக்கம்தான் திறந்தது.

ரயிலில் பரிசோதகர் வந்தார், கருவியை வைத்தார், அது மறுத்தது. பிடிஎஃப்பை மேலும் கீழும் பார்த்தார். "இது டிக்கெட் இல்லை. இந்த ரயிலில் நான்காம் பெட்டி என்று ஒதுக்கீடும் இல்லை" என்றார். செல்லும் டிக்கெட் இல்லாமல் ஏறினால் கூடுதல் கட்டணம் போட அவருக்கு அதிகாரம் உண்டு. பெரியவர்களின் நிலைமையைப் பார்த்துப் புது டிக்கெட்டுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். அந்த மனிதருக்கு நன்றி. ஆனால் நான்கு பேர், அதில் இருவர் எழுபதைத் தாண்டியவர்கள், ஒரு பெட்டி நிறைய ஆட்களுக்கு முன்னால் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். 268 யூரோவோடு சேர்த்து இதற்கும் அந்தத் தளம்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதில் சொன்னார்களா? கேளுங்கள்.

முதல் பதில்: "உங்கள் கோரிக்கை பதிவாகியுள்ளது, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்." தொடர்புகொள்ளவில்லை. மறுபடி எழுதினால் வேறு பெயரில் வேறொருவர், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். பிறகு, "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, பயணச் சேவையை வழங்குவது ரயில் நிறுவனம், அவர்களிடம் கேளுங்கள்." வியன்னா நிலையத்தின் டிக்கெட் கவுண்டரில் கேட்டால், இந்தப் பதிவு எண் தங்கள் அமைப்பின் எண் வடிவமே இல்லை என்றார்கள். அதைப் படமெடுத்து அனுப்பினால், "டிக்கெட் வழங்கப்பட்டுவிட்டது, வழங்கிய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது" என்று பதில். எந்த டிக்கெட்? எங்கே வழங்கினீர்கள்? அதற்குப் பதில் இல்லை. கடைசியாக, 'நல்லெண்ண அடிப்படையில்' அடுத்த பயணத்துக்கு 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். 268 யூரோவை விழுங்கியவனிடமே இன்னொரு முறை பணம் கட்ட அழைப்பு! அதை மறுத்த பிறகு உரையாடல் பெட்டி எங்களுக்குத் திறப்பதில்லை. புது மின்னஞ்சலில் போய் டிக்கெட் வாங்குகிறவர்போல் கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் வருகிறது.

சட்டத்தைப் பற்றி. இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம் என்ற ஐரோப்பிய விதியைப் பலர் எடுத்துச் சொல்கிறார்கள். பயணிகள் போக்குவரத்துக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் அதே 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறிமுறையின் 22-ஆம் பிரிவு போக்குவரத்துக்கும் பொருந்தும். முன்கூட்டியே டிக் போட்ட பெட்டி மூலம் வாங்கிய கூடுதல் தொகையைத் திருப்பிக் கேட்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்கிறது அது. இங்கே அது 36-ம் 32-ம் சேர்ந்து 68 யூரோ. இதை எழுதியும் அனுப்பினோம், பதில் இல்லை. தளத்தின் அடியில் கொடுத்திருக்கும் நிறுவன முகவரி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே. ஐரோப்பிய நுகர்வோர் மையங்களும் ஒன்றியத்திலோ நார்வே, ஐஸ்லாந்திலோ வசிப்பவர்களுக்குத்தான் உதவும், சென்னையில் வசிப்பவருக்கு இல்லை. ஐரோப்பிய ஆணையம் நடத்திவந்த இணையவழி நுகர்வோர் தகராறுத் தீர்வுத் தளத்தையும் 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

ஆகவே மிஞ்சுவது அட்டை கொடுத்த வங்கிதான். 'கட்டிய பணத்துக்குச் சேவை வழங்கப்படவில்லை' என்ற காரணத்தின் கீழ் தகராறு பதிய வேண்டும். 'பிடிக்கவில்லை', 'விலை அதிகம்' என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். விசா, மாஸ்டர்கார்டு ஆகிய அட்டை நிறுவனங்களின் விதிகளில் கெடு பொதுவாக 120 நாள், வங்கிகள் அதற்கு முன்பே கேட்கலாம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். இணைக்க வேண்டியவை: அந்தப் பிடிஎஃப், ரசீது, உரையாடலின் படங்கள், பரிசோதகர் தந்த புது டிக்கெட். உரையாடலை உடனே படமெடுத்து வையுங்கள், பின்னால் அது மறைந்துவிடும். இந்தியாவில் 1930 என்ற எண்ணிலும் சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிந்து, அந்த எண்ணை வங்கி விண்ணப்பத்தில் சேருங்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. வங்கி கேட்ட படிவங்கள் இன்னும் பாக்கி. அவசரமாக இவை மட்டும்:

தேடலில் 'விளம்பரம்' என்று குறித்திருக்கும் முதல் பக்கங்களைத் திறக்காதீர்கள். ஆஸ்திரிய ரயில்வே அல்லது ஸ்லோவாக்கிய ரயில்வேயின் சொந்தச் செயலியிலோ, நிலையத்து இயந்திரத்திலோ, கவுண்டரிலோ வாங்குங்கள்.

ரெக்ஸ் ரயிலுக்கு இருக்கை எண் விற்றால் அது பொய். எல்லைக் கட்டணம் கேட்டால் அதுவும் பொய்.

சீட்டில் வெறும் 'பிராட்டிஸ்லாவா' என்றிருந்தால் எந்த நிலையம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ரயில் போவது ஹ்லவ்னா ஸ்தனிட்ஸாவுக்கா, பெட்ர்ஷல்காவுக்கா என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆறு இருக்கிறது. திரும்பும்போது தவறான நிலையத்தில் நின்றால் ரயில் போய்விடும். நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் டிராம், பஸ்ஸுக்கு உங்கள் ரயில் டிக்கெட் செல்லுமா என்று வாங்கும்போதே பாருங்கள். செல்லாவிட்டால் தனி டிக்கெட் எடுத்து, ஏறியவுடன் முத்திரை குத்துங்கள்.

ரயிலுக்குப் பதில் பஸ்ஸில் போவதென்றால் வியன்னாவில் ஏறும் இடத்தை இருமுறை பாருங்கள். மத்திய ரயில் நிலையம் யூ1 மெட்ரோ தடத்தில், எர்ட்பெர்க் பஸ் நிலையம் யூ3 மெட்ரோ தடத்தில்.

ரூபாயில் விலை காட்டினால் யூரோவுக்கு மாற்றிக் கட்டுங்கள், அவர்கள் போடும் மாற்று விகிதத்திலும் காசு போகும். அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வாங்கி முடித்ததும் வங்கிச் செயலியில் அணைத்துவிடுங்கள்.

இந்த மாதம் யாராவது அப்பா அம்மாவை வியன்னாவுக்கு அழைப்பதாக இருந்தால், ரயில் டிக்கெட் ஊரிலேயே எடுத்துவிட்டார்களா என்று இன்றே கேளுங்கள். எடுத்திருந்தால் அந்தப் பிடிஎஃப்பை வாங்கி, நடுவில் கண் வைத்த குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பயண நாள் வரை காத்திருக்காமல் அது செல்லுமா என்று ரயில் நிறுவனத்திடம் கேளுங்கள், செல்லாது என்றால் உடனே வங்கியைக் கூப்பிடுங்கள்.