பிராசென்ட் மாத்திரை: எங்கள் கிழட்டுக் குதிரைக்குக் கொடுத்துப் பார்த்ததில்

கோலாலம்பூர் வெக்கையில் ஒரு குதிரைக்குச் செம்மறியாடு மாதிரி சுருட்டை முடி வளர்ந்தால் சும்மா விடாதீர்கள். எங்கள் லாயத்துக் குதிரை ஜமீன், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 19. முதுகுச் சதை வற்றி வயிறு மட்டும் தொங்கியது. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தான், தரை எந்நேரமும் மூத்திர ஈரம். "வயசாயிடுச்சு அண்ணே, விடுங்க" என்றார்கள் லாயத்துப் பையன்கள். முன்னங்குளம்பு சுடுகிறதே என்று டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். ரத்தத்தில் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் எகிறியிருந்தது. குஷிங் நோய். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் நடுப்பகுதியை அடக்கிவைக்கும் டோபமின் என்ற மூளை ரசாயனம் குறைந்துபோனால் வருவது.

நம் ஊரில் வேர்க்காமல் மூச்சு வாங்கும் குதிரைகளும் உண்டு. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாமல் ரத்தம் பாருங்கள்.

இந்த நோய்க்கு டாக்டரம்மா எழுதித் தந்த பிராசென்டில் இருப்பது பெர்கோலைட் என்ற மருந்து, 1 மில்லிகிராம். இளஞ்சிவப்பு, செவ்வகம், பாதியாக உடைக்க நடுவில் கோடு. 500 கிலோ குதிரைக்கு நாளைக்கு ஒன்று என்று ஆரம்பிப்பார்கள். முன்பு மனிதர்களுக்குப் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுத்த மருந்துதான். இதய வால்வைக் கெடுக்கிறது என்று அமெரிக்காவில் 2007-இல் நிறுத்திவிட்டார்கள். குதிரைக்கு அங்கே 2011-இல் அனுமதி கிடைத்தது.

கொடுப்பதுதான் பெரிய கூத்து. பிசாங் மாஸ் வாழைப்பழத்துக்குள் வைத்தால் பழம் உள்ளே போகும், மாத்திரை உதட்டோரமாக வெளியே வரும். இப்போது பாகு சேர்க்காத சர்க்கரை பீட் கிழங்குச் சக்கையை ஊறவைத்து, ஒரு பிடிக்குள் புதைத்துக் கையில் நீட்டுகிறேன். மென்று முடிக்கும்வரை நகர மாட்டேன், துப்பினதை லாயத்து நாய் தின்றால் வம்பு. பொடியாக்கிக் கலக்கக் கூடாது, தூள் நம் உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம்.

ஆரம்பத்தில் தீனியில் வாய் வைக்கவில்லை. டாக்டரம்மா பாதியாகக் குறைத்து, அப்புறம் மெல்ல ஏற்றினார், சரியானது. முதலில் முகத்தில் களை வந்தது, தண்ணீர் குடிப்பது குறைந்தது. முடிக்கு மாதக்கணக்கு ஆகும். அதுவரை மெஷின் போட்டு வெட்டிவிடுங்கள், பாவம், புழுங்கிச் சாகும்.

குளம்புக்கு மாத்திரை மட்டும் போதாது. இவனுக்குக் குளம்பைக் கெடுக்கிற அளவுக்கு ரத்தத்தில் இன்சுலினும் கூடியிருந்ததால் இனிப்புத் தீனியை நிறுத்தி, காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்துவிட்டுப் போடுகிறோம். லாடம் அடிப்பவரும் குளம்பைச் சீவிச் சரிசெய்தார்.

மலிவு என்று திரவமாகக் கலக்கித் தருவதை வாங்குகிறவர்கள் கவனம். பெர்கோலைட் தண்ணீரில் கலந்தால் சூட்டிலும் வெளிச்சத்திலும் கெட்டுவிடும், நிறம் மாறினால் கொட்டிவிட வேண்டியதுதான். ஃபிரிட்ஜ் இல்லாத லாயத்துக்கு அது ஆகவே ஆகாது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்தது விலைக்காக. குணமாகிற நோயில்லை, அவன் இருக்கும்வரை மாதாமாதம் ரிங்கிட்டை எண்ணி வைக்க வேண்டும்.