பெட்டிக்காகவா, படத்துக்காகவா? பிளேட் ரன்னர் பதிப்புகள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு அலமாரி மேல் ஒரு கைப்பெட்டி கிடக்கிறது. அம்மா அதற்கு வைத்த பெயர் ‘காப்புறுதி ஏஜெண்டு பெட்டி’. 1982-இல் வந்த அறிவியல் புனைகதைப் படமான பிளேட் ரன்னருக்கு 2007 டிசம்பரில் வந்த சேகரிப்பாளர் பதிப்பு அது. ஐந்து டிஸ்க், குட்டிப் பறக்கும் கார், ஒற்றைக்கொம்புக் குதிரை பொம்மை. பார்த்த மாத்திரத்தில் கை தானாகப் பர்ஸுக்குப் போகும்.

எனக்கும் அப்படித்தான் போனது. பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் பேரம் பேசி வாங்கி வந்து, வீட்டில் டிஸ்கைப் போட்டால் பிளேயர் முறைக்கிறது. உள்ளே இருந்தது எச்டி டிவிடி, புளூரேக்குப் போட்டியாக வந்த டிஸ்க் வகை. அதே பெட்டி டிவிடி, எச்டி டிவிடி, புளூரே என மூன்று வகையிலும் வந்தது. 2008 பிப்ரவரியில் அதை முன்னின்று நடத்திய தோஷிபா நிறுவனம் கைவிட்டதோடு எச்டி டிவிடியின் கதை முடிந்தது. ஆகவே பொம்மையைப் பார்ப்பதற்கு முன் டிஸ்கில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள்.

அதே ஐந்து டிஸ்க், பெட்டியும் பொம்மையும் இல்லாமல் சாதாரண உறையிலும் புளூரேயாக வந்தது. நான் அடுத்து வாங்கியது அதைத்தான். வெளியீட்டுக்கு முன் சோதனைக்குத் திரையிட்ட பிரதி, 1982-இல் ஓடிய இரண்டு வடிவங்கள், 1992 இயக்குநர் பதிப்பு, 2007 இறுதிப் பதிப்பு என எல்லாம் அதில் உண்டு. மூன்றரை மணி நேர ஆவணப்படம் வேறு. 1982 பிரதியின் முடிவில் வரும் மலைக்காட்டுக் காட்சிகள், ஸ்டான்லி குப்ரிக் தன் வேறொரு படத்துக்காக எடுத்து மிஞ்சியவை! பக்கத்தில் இறுதிப் பதிப்பைப் போட்டுப் பார்த்தால்தான் மாற்றங்களின் ருசி தெரியும். சோரா என்ற பாத்திரம் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு ஓடும் இடத்தில், பழைய பிரதியில் விக் வைத்த டூப்பின் முகம் அப்பட்டமாகத் தெரியும். 2007-இல் நடிகை ஜோவானா காசிடியின் முகத்தைப் பொருத்திவிட்டார்கள். கடைசியில் புறா பறக்கும்போது பளிச்சென்று வெளுத்திருந்த வானமும் இருட்டுக்கு மாறியது.

சரி, 2017-இல் வந்த 4கே, அதாவது புளூரேயைவிடக் கூர்மையான படம் தரும் டிஸ்க்? அந்தத் தரத்தில் இறுதிப் பதிப்பு மட்டும்தான். ஆனால் படம் முழுக்க இரவும் மழையும் நியானும். புளூரேயில் ஒரே கறுப்பாக அப்பிக்கிடந்த கட்டடங்களில் இப்போது ஜன்னல் ஜன்னலாக விளக்கு தெரிகிறது. நாலா பக்கமும் தலைக்கு மேலும் கேட்கும் அட்மோஸ் ஒலியில் அந்த மழையைக் கேட்டு, நம்ம ஊர் சாயங்கால மழைதான் என்று துணி எடுக்க எழுந்துவிட்டேன்.

ரீஜன் விஷயம், அதாவது எந்த நாட்டு பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதற்கான பூட்டு: மலேசியாவில் புளூரேக்கு ரீஜன் ஏ. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் பி-யாக இருந்துவிடலாம். 4கே டிஸ்குக்கு அந்தத் தொல்லையே இல்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 4கே, யோசிக்கவே வேண்டாம். படத்தை நோண்டிப் பார்க்கிற ஆள் என்றால் அந்தச் சாதாரண உறைப் பதிப்பையும் தேடுங்கள். கைப்பெட்டிப் பதிப்பை வாங்குவதென்றால் பொம்மைக்காக மட்டும். அதற்கு மேல் காசு கொடுக்காதீர்கள். என் பெட்டிக்குள் அம்மா இப்போது மின்சார பில் அடுக்கி வைக்கிறார்.