சொந்தக் கடையா, பிறர் கடையா? 15 வயது மாணவரும் சட்டமும்

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபின், இந்தியாவில் 14 வயது நிரம்பி 18 நிரம்பாதவர்களைச் சுரங்கம், வெடிபொருள் போன்ற அபாயகரமான தொழில்களில் அமர்த்துவது குற்றம். ஏனைய வேலைகளுக்குத் தடையில்லை.

பிறருடைய ஜவுளிக்கடையில் சேரும் மாணவருக்குச் சட்டத்தின் காவல் கணிசமானது. 3 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. அதன்பின் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். ஓய்வும் காத்திருப்பும் சேர்த்து நாளொன்றுக்கு 6 மணி நேரமே உச்சவரம்பு. இரவு 7 முதல் காலை 8 வரை வேலை கூடாது. மிகைநேர வேலைக்கும் இடமில்லை. வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை உண்டு. பள்ளி நாட்களில் இந்த இரவு வரம்பினால் எஞ்சுவது மாலையில் ஓரிரு மணி நேரமே என்பதால், வார இறுதி வேலையே நடைமுறைக்கு உகந்தது.

குடும்பத்தாரின் உதவியோடு உரிமையாளரே தொழில் நடத்தும் இடத்துக்கோ இந்த நேர வரம்புகள் பொருந்தா. அப்பாவின் மளிகைக்கடையில் இரவு பத்து மணி வரை பொட்டலம் கட்டும் பிள்ளைக்கு, பெரும்பாலும் சம்பளமும் இருப்பதில்லை. பாதுகாப்பானதென்று பெற்றோர் கருதும் இவ்வழியில்தான் சட்டத்தின் பிடி தளர்வாக உள்ளது. ஆகவே, விதிகள் மதிக்கப்படுமானால், பொதுத்தேர்வு எழுதும் மாணவருக்குப் பிறர் கடையே மேல் என்பேன்.