எஸ்கியூலைட் பூட்டுப் பிழை: ரோல்பேக் ஜர்னலா, வால் முறையா?

ஒரே கோப்பில் தரவைச் சேமிக்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட்டில் "டேட்டாபேஸ் இஸ் லாக்டு" (தரவுத்தளம் பூட்டப்பட்டுள்ளது) என்ற பிழை அடிக்கடி வந்தால் முதலில் ஜர்னல் முறையை, அதாவது மாற்றங்களை அது பாதுகாப்பாகப் பதியும் விதத்தைப் பாருங்கள். இயல்பாக இருப்பது, மாற்றும் முன் பழைய தரவைத் தனியே எடுத்துவைக்கும் ரோல்பேக் ஜர்னல். அதில் யாராவது வாசித்துக்கொண்டிருந்தால் கமிட் (மாற்றத்தை உறுதியாக எழுதுவது) காத்திருக்கும்; கமிட் நடக்கையில் வாசிப்பவர்கள் காத்திருப்பார்கள். 2010இல் 3.7.0 பதிப்பில் வந்த ரைட்-அஹெட் லாக் (WAL), அதாவது மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் வால் முறையில், இந்த மோதல் இல்லை. ஒரே நேரத்தில் பல த்ரெட் (வேலை இழை) ஓடும் செயலிக்கு இதையே தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் அதிலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். ஒவ்வொரு இணைப்பிலும் பிஸி டைம்அவுட்டை (பூட்டு விடுபடக் காத்திருக்கும் நேரத்தை) 5000 மில்லிவினாடி வையுங்கள். வாசிப்பில் தொடங்கி இடையில் எழுதப்போகும் டிரான்சாக்‌ஷனுக்கு (ஒரே தொகுதியாக நடக்கும் செயல்களுக்கு) அது போதாது. எழுதும் உரிமையை முதலிலேயே பெறும் 'பிகின் இமீடியட்' கட்டளையால் அதைத் தொடங்குங்கள்.

நீண்ட வாசிப்பு திறந்தே கிடந்தால் செக்பாயின்ட் (மாற்றங்களை வால் கோப்பிலிருந்து முதன்மைக் கோப்புக்குக் கொண்டுபோவது) முழுமையாகாமல் வால் கோப்பு வீங்கும். முதன்மைக் கோப்பை மட்டும் நகலெடுத்தால் கடைசிப் பதிவுகள் விடுபடலாம். முழு நகல் எடுக்கும் 'வேக்கும் இன்டு' கட்டளை பாதுகாப்பானது. பல கணினிகள் பகிரும் நெட்வொர்க் டிரைவில் வால் முறை கூடவே கூடாது: அதற்குத் தேவையான பகிர்நினைவு ஒரே கணினிக்குள்தான் இயங்கும்.