டிஎஸ்1307, டிஎஸ்3231, வைஃபை: சென்னை வெயிலில் எதை நம்பி நேரம் வைப்பது?

சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஆர்டிசி மாட்யூல் (கரண்ட் போனாலும் பேட்டரியில் நேரத்தைத் தொடரும் சின்னக் கடிகாரப் பலகை) கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று கைக்கு வரும்: டிஎஸ்1307 அல்லது டிஎஸ்3231. மாட்யூலே வாங்காமல், இஎஸ்பி32 போன்ற, வைஃபை உள்ள மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் நெட் வழியாக நேரத்தை எடுத்துக்கொள்வது மூன்றாவது வழி. மூன்றையும் ஒரே வேலைக்கு வைத்துப் பார்க்கிறேன். விடிகாலையில் மெட்ரோ வாட்டர் வரும் நேரத்துக்கு மோட்டாரைப் போட்டு, குறித்த நேரத்தில் நிறுத்தும் டைமர் அது. ஒரு நிமிடம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. ஆனால் மாதக்கணக்கில் யாரும் தொடாமல் ஓட வேண்டும்.

டிஎஸ்1307 விலை குறைந்தது, பழையது, வைஃபை இல்லாத ஆர்டுயினோ ஊனோ போர்டுடன் சிக்கலில்லாமல் பேசும். அதன் பிரச்சினை பக்கத்தில் இருக்கும், அதிர்ந்து விநாடியை எண்ண உதவும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிறிஸ்டல். அந்த வகைக் கிறிஸ்டல் 25 டிகிரியை ஒட்டித்தான் சரியாக ஓடும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் பின்தங்கும். விலகும் டிகிரியின் வர்க்கத்தை 0.035ஆல் பெருக்கினால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு பின்தங்கும் என்று தோராயமாக வந்துவிடும். மே மாதத்தில் மொட்டைமாடிச் சுவரில் மாட்டிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 50 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி விலகல், ஏறக்குறைய 22 பங்கு, நாளுக்கு 1.9 விநாடி. மாதம் ஒரு நிமிடம் போய்விடும். எந்தப் பக்கம் விலகினாலும் பின்தங்கல்தான் என்பதால், இந்தப் பிழை ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். கிறிஸ்டலின் சொந்தப் பிழை இதற்கு மேல் தனி.

டிஎஸ்3231 இதைத் தானே பார்த்துக்கொள்கிறது. கிறிஸ்டல் சிப்புக்குள்ளேயே இருக்கிறது; 64 விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்து ஓட்டத்தைத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் பிழை, அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்கு மேல் சூடானால் 3.5 பங்கு, வருடத்துக்கு இரண்டு நிமிடத்துக்குள். வாங்கும்போது சிப்பின் மேல் எழுத்தைப் பாருங்கள். 3231க்கு அடுத்து எம் என்று இருந்தால் அதற்குள் கிறிஸ்டல் இல்லை, வேறு வகை ஆஸிலேட்டர் (அதிர்வைத் தரும் பகுதி). பிழை 5 பங்கு வரை போகலாம். மோட்டார் டைமருக்கு அதுவும் தாராளம்.

மின்னழுத்தத்திலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. டிஎஸ்1307க்கு 5 வோல்ட் வேண்டும். சப்ளை, பேட்டரி மின்னழுத்தத்தின் 1.25 மடங்குக்குக் கீழே இறங்கினால் கரண்ட் போய்விட்டதாக நினைத்து அது பேச்சை நிறுத்திவிடும். 3 வோல்ட் பேட்டரிக்கு அந்த எல்லை 3.75 வோல்ட். ஆகவே இஎஸ்பி32இன் 3.3 வோல்ட்டில் மாட்டினால் பதிலே வராது. ஒயரிங் தப்போ என்று வீணாகத் தேட வேண்டியிருக்கும். டிஎஸ்3231 2.3 முதல் 5.5 வோல்ட் வரை வேலை செய்யும்.

ஆனால் டிஎஸ்3231 மாட்யூலில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் நீல மாட்யூல்கள் பலவற்றில் ஒரு டையோடும் 201 என்று எழுதிய ரெசிஸ்டரும் சேர்ந்து பேட்டரியை சார்ஜ் செய்யும். நாம் போடும் சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி, சார்ஜ் செய்யக் கூடாத வகை. 5 வோல்ட்டில் ஓட்டினால் அது உப்பலாம், கசியலாம். சாலிடரிங் அயர்னை வைத்து அந்த ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள். வீட்டில் இரவு பகலாக ஓடப்போகும் பெட்டி இது, இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, வைஃபை? நெட் இருக்கும் வரை இந்த மூன்றில் இதுதான் மிகத் துல்லியம். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தபோது கரண்டும் நெட்டும் நாள்கணக்கில் இல்லாத தெருக்கள் இந்த ஊரில் உண்டு. சாதாரண நாளிலும் கரண்ட் வந்த உடனே நெட் வந்துவிடாது. அந்த இடைவெளியில் இஎஸ்பி32இன் கடிகாரம் 1970 ஜனவரி 1இல் தொடங்கும். இந்திய நேரத்துக்கு 19800 விநாடி கூட்டச் சொல்லியிருப்பதால் அது காட்டும் மணி அதிகாலை 5.30! டைமரும் 5.30க்கு என்றால், நடுப்பகலில் கரண்ட் வந்தாலும் மோட்டார் ஓடும். வருடம் சரியா என்று பார்க்காமல், மோட்டாரை இயக்கும் ரிலே சுவிட்சைப் போட விடவே கூடாது.

நேரத்தை எப்படி உள்ளே ஏற்றுவது என்பதும் சிப்பைத் தேர்ந்தெடுப்பது போலவே முக்கியம். புரோகிராம் கம்பைல் ஆன நேரத்தை (கணினி அதைச் சிப்பின் மொழிக்கு மாற்றிய நேரத்தை) அப்படியே எழுதுவது எல்லோரும் எடுக்கும் சுலப வழி. கம்பைலும் அப்லோடும் முடியும் வரை ஓடிய விநாடிகள் அதில் குறையும். இஎஸ்பி32இல் இது ஒரு நிமிடம் வரைகூடப் போகலாம். அதைவிட மோசம், அந்த வரியை, போர்டு தொடங்கும்போதெல்லாம் ஓடும் செட்அப் பகுதியில் நிபந்தனையில்லாமல் விடுவது. ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் கடிகாரம் பழைய நேரத்துக்கே திரும்பிவிடும். ஓட்டம் எப்போதாவது நின்றுபோனதா என்பதை டிஎஸ்3231 ஒரு பிட்டில் குறித்து வைக்கிறது. அதைப் படித்துப் பார்த்து, நின்றிருந்தால் மட்டும் எழுதுங்கள். ஊனோ மட்டும் இருப்பவர்களுக்கு, கணினியிலிருந்து போர்டுக்கு எழுத்து அனுப்பும் சீரியல் மானிட்டர்தான் நல்லது: ஒரு நிமிடம் தள்ளி நேரத்தை டைப் செய்து வைத்து, செல்போனில் அந்த விநாடி வந்ததும் எண்டரைத் தட்ட வேண்டும். ஜிபிஎஸ் மாட்யூலும் நேரம் தரும், ஆனால் அதற்கு வானம் தெரிய வேண்டும். இந்த வேலைக்கு அது அதிகப்படி.

அந்த 19800 விநாடிக்குப் பின்னால் நம்ம ஊர் வரலாறு ஒன்று இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் நேரம், கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முன்னால் இருந்தது. ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் அதை வைத்துத்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 5.30 வந்தது. நமக்கு அதனால் ஒரு வேலை: ஆர்டிசியில் எழுதியது இந்திய நேரமா, கிரீன்விச் நேரமா என்று முடிவு செய்து கோடில் கமெண்டாக எழுதிவிடுங்கள். இந்திய நேரத்தை வைத்துவிட்டு, படிக்கும்போது மறுபடி 19800 கூட்டினால் 5 மணி 10.30 ஆகிவிடும்.

புதிதாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது, ரெசிஸ்டர் எடுத்த டிஎஸ்3231உம் இஎஸ்பி32உம் சேர்ந்த ஜோடி. நெட் இருக்கும்போது தினமும் ஒருமுறை நேரத்தை வாங்கி ஆர்டிசியில் எழுதட்டும். மோட்டார் எப்போதும் ஆர்டிசியை மட்டும் கேட்கட்டும். டிஎஸ்1307 ஏற்கனவே கையில் இருந்தால் வீசிவிட வேண்டாம், ஏசி அறைக்குள் ஊனோவோடு வைக்கும் மேசைக் கடிகாரத்துக்கு அது போதும். எந்த மாட்யூலானாலும் பேட்டரி மாற்றும்போது போர்டுக்கு 5 வோல்ட் யுஎஸ்பி சப்ளை ஓடிக்கொண்டே இருக்கட்டும், மோட்டார் பக்க மெயின்ஸ் ஒயரை மட்டும் கழற்றிவிடுங்கள். அப்படிச் செய்தால் நேரம் அழியாது, மறுபடி வைக்கவும் வேண்டாம்.